இன்டர்வல் எத்தனை நொடி? நீண்ட எக்ஸ்போஷர்களுக்கு நடுவே வரும் இடைவெளியின் கணக்கு

இரவு வானத்தை டிஎஸ்எல்ஆரில் எடுக்கத் தொடங்கும் எல்லோரும் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி இது: “60 நொடி எக்ஸ்போஷர் வைக்கிறேன். ரிமோட்டில் இன்டர்வல் எவ்வளவு வைக்கணும்?” விவரம் தெரிந்த நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் 1 என்பார். இன்னொருவர் 5 என்பார். மூன்றாமவர் 62 என்று அடித்துச் சொல்வார். நாலாமவர் கொஞ்சம் கரிசனத்தோடு, “சென்சார் சூடாயிடுங்க, அதுக்கும் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுங்க” என்பார்.

வேடிக்கை என்னவென்றால், 1 என்றவரும் 62 என்றவரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். 5 என்றவரின் கேமரா பழசாக இருக்கலாம், அதற்கு அது தேவைப்பட்டிருக்கும். காதுக்கு மிக நியாயமாகப் படுவது நாலாமவர் பேச்சுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அதுவே நஷ்டம்.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவது. அந்த எண்ணைக் கருவி எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பது ஒன்று. இடைவெளியில் நாம் எதை இழக்கிறோம் என்பது இன்னொன்று. தனித்தனியாகப் பார்ப்போம்.

## ஷட்டரை ஒரேயடியாகத் திறந்து வைத்தால் என்ன?

எக்ஸ்போஷர் என்பது ஒரு படத்துக்காக ஷட்டர் திறந்திருக்கும் நேரம். ஓரியன் நெபுலா போன்ற மங்கலான பொருளின் வெளிச்சம் போதுமான அளவு சேர மணிக்கணக்கில் ஆகலாம். அப்படியென்றால் ஷட்டரை இரண்டு மணி நேரம் திறந்தே விட்டுவிடலாமே?

ஃபிலிம் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். டிஜிட்டலில் அது சரிப்பட்டு வராது. ஊர் விளக்குகளின் வெளிச்சம் வானத்தில் பட்டுத் திரும்பி, சில நிமிடங்களிலேயே படத்தை வெளுக்கடித்துவிடும். பிரகாசமான நட்சத்திரங்கள் நிறம் போய் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகும். ஒன்றரை மணி நேரம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் யாராவது டிரைபாடைக் காலால் இடித்தால் மொத்த இரவும் போச்சு.

அதனால் நேரத்தைத் துண்டு போடுகிறோம். 60 நொடிப் படங்கள் நூறு எடுத்து, பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்பதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். விமானம் கோடு போட்ட படம் ஒன்றிரண்டு இருந்தால் தூக்கி எறிந்துவிடலாம், மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

ஸ்டாக்கிங்கின் முக்கியமான வேலை நாய்ஸைக் குறைப்பது. நாய்ஸ் என்பது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம். படங்கள் கூடக்கூட வெளிச்சம் அதே விகிதத்தில் சேர்கிறது. நாய்ஸோ வர்க்கமூல விகிதத்தில்தான் கூடுகிறது. 4 படம் சேர்த்தால் வெளிச்சம் 4 மடங்கு, நாய்ஸ் 2 மடங்கு. 100 படம் சேர்த்தால் வெளிச்சம் 100 மடங்கு, நாய்ஸ் 10 மடங்கு. படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது சேர்ந்த மொத்த நேரம்தான். இதை நினைவில் வையுங்கள், கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

நூறு தடவை பட்டனை விரலால் அழுத்த முடியாது. அதற்காகத்தான் இன்டர்வலோமீட்டர். நேரம் பார்த்து ஷட்டர் பட்டனை அழுத்தி விடும் சின்னக் கருவி அது. வயரோடு வரும் ரிமோட்டாகவும் கிடைக்கிறது, பல கேமராக்களில் மெனுவுக்குள்ளேயும் இருக்கிறது. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஷட்டர் வேகத்தின் உச்ச வரம்பு 30 நொடி. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் பல்ப் மோட். அதில் பட்டன் அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும், எவ்வளவு நேரம் என்பதை ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

## மினி பஸ் கணக்கு

ஒரு கிராமத்துக்கும் பக்கத்து டவுனுக்கும் ஒரே ஒரு மினி பஸ் ஓடுகிறது. போய்த் திரும்ப 60 நிமிடம். ஸ்டாண்டில் 2 நிமிடம் நிற்கும், மறுபடி கிளம்பும்.

இந்தப் பஸ்ஸின் இடைவெளி எவ்வளவு என்று கேட்டால் இரண்டு பதிலும் சரி. பயணிகளிடம் கேட்டால் “62 நிமிஷத்துக்கு ஒரு டிரிப்” என்பார்கள், புறப்பாட்டிலிருந்து அடுத்த புறப்பாடு வரை எண்ணி. டீ குடிக்க இறங்கும் கண்டக்டரிடம் கேட்டால் “2 நிமிஷம்தான் நிற்கும்” என்பார். பஸ் ஒன்றுதான், ஓட்டமும் ஒன்றுதான்.

இன்டர்வலோமீட்டர்களிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. முதல் ரகத்தைப் புறப்பாட்டுக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு படம் தொடங்கும் நொடியிலிருந்து அடுத்த படம் தொடங்கும் நொடி வரை எண்ணுவது. இரண்டாவது நிறுத்தக் கணக்கு. ஒரு படம் முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுவது. 60 நொடிப் படங்களை 2 நொடி இடைவெளியில் எடுக்க முதல் ரகத்தில் 62 என்று கொடுக்க வேண்டும், இரண்டாவதில் 2 போதும்.

மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? நிறுத்தக் கணக்குக் கருவியில் 62 கொடுத்தால் ஒவ்வொரு நிமிடப் படத்துக்கும் பின்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் கேமரா சும்மா கிடக்கும். பாதி இரவு வீண். நல்ல படங்களே வருவதால் காலையில் எண்ணிப் பார்க்கும் வரை தெரியாது என்பதுதான் இதில் மோசம். புறப்பாட்டுக் கணக்குக் கருவியில் 2 கொடுத்தால் கதை வேறு. டவுனுக்குப் போன பஸ் திரும்புவதற்கு முன்பே அடுத்த டிரிப்புக்கு நேரம் வந்துவிடும். பஸ்ஸே இல்லை, எங்கிருந்து கிளம்பும்? கேமராவும் ஏற்கெனவே ஷட்டர் திறந்திருக்கையில் புதுக் கட்டளையைக் கண்டுகொள்ளாது. அந்த முறை தவறும். அதன் பிறகு என்ன ஆகும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கேமரா மெனுவில் உள்ள இன்டர்வல் டைமர்கள் பொதுவாகப் புறப்பாட்டுக் கணக்கு ரகம். எக்ஸ்போஷரை விட நீளமான இன்டர்வல் கொடுக்கச் சொல்லி அவற்றின் கையேடுகளே எச்சரிக்கும்.

தனியாக விற்கும் ரிமோட்டுகளில்தான் சிக்கல். பார்க்க ஒன்று போலவே இருக்கும், அதே பட்டன்கள், அதே திரை, உள்ளே கணக்கு மட்டும் வேறு. நண்பரின் ரிமோட்டுக்குப் பொருந்திய எண் உங்களுடையதற்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

## உங்களுடையது எந்த ரகம்?

வீட்டிலேயே, பகலிலேயே கண்டுபிடித்துவிடலாம். லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவைப் பல்ப் மோடில் வைத்து, ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். ரிமோட்டில் எக்ஸ்போஷர் 10 நொடி, இன்டர்வல் 15 நொடி, படங்கள் 3. தொடங்கும்போதே போனில் ஸ்டாப்வாட்சையும் ஓட விடுங்கள். ஷட்டர் திறக்கும்முன் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே போகும் ‘டக்’ சத்தத்துக்குக் காது கொடுங்கள். இரண்டாவது படம் 15வது நொடியில் தொடங்கினால் புறப்பாட்டுக் கணக்கு. 25வது நொடியில் தொடங்கினால் நிறுத்தக் கணக்கு. ரிமோட்டின் முதுகில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதில் எழுதி வைத்துவிட்டால், இருட்டில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மொத்த வெளிச்ச நேரம்தான் படத்தின் தரம். இன்டர்வல் என்ற எண் புறப்பாட்டிலிருந்து புறப்பாடு வரையாகவும் இருக்கலாம், வெறும் நிறுத்தமாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் யாருடைய எண்ணையும் கடன் வாங்கக் கூடாது.

## 30 நொடி என்பது உண்மையில் 32

இது பலருக்குத் தெரியாது, தெரியாமலேயே படங்களை இழக்கிறார்கள். கேமராவின் ஷட்டர் வேகங்கள் இரட்டித்துக்கொண்டே போகும்படி அமைந்தவை: 1, 2, 4, 8, 16, 32. டயலில் 15, 30 என்று அச்சிட்டிருப்பது வசதிக்காக வைத்த வழக்கமான எண்கள். 30 என்று வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 32 நொடி திறந்திருக்கும். 15 என்றால் 16.

இப்போது ஒருவர் கேமராவில் 30 நொடி வைக்கிறார். ரிமோட் 31 நொடிக்கு ஒரு முறை அழுத்தட்டும், நடுவே 1 நொடி இருக்கிறதே என்று நினைக்கிறார். 31வது நொடியில் ரிமோட் அழுத்தும்போது ஷட்டர் இன்னும் மூடவே இல்லை. அந்த அழுத்தம் வீண். அடுத்த அழுத்தம் 62வது நொடியில்தான். முடிவில் 32 நொடி படம், 30 நொடி வெறுமை, மறுபடி 32 நொடி படம். நூறு வர வேண்டிய இடத்தில் ஐம்பதுதான் வரும். நட்சத்திரக் கோடுகள் எடுத்திருந்தால் கோடு முழுக்க விட்டு விட்டு, தையல் போட்டது போல இருக்கும். இன்டர்வலை 34 என்று வைத்திருந்தால் பிரச்சினையே இல்லை.

பல்ப் மோடில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே நேரத்தை அளப்பது ரிமோட், 60 என்றால் 60தான்.

## கேமரா தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் நேரம்

எண் சரியாக இருந்தும் படங்கள் பாதியாகக் குறைந்தால், அநேகமாக மெனுவில் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ இயங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஷட்டரை மூடிக்கொண்டு அதே அளவு நேரத்துக்கு இன்னொரு படம் எடுக்கும். இப்படி வெளிச்சமே படாமல் எடுக்கும் படத்துக்கு டார்க் ஃபிரேம் என்று பெயர். சென்சார் தானாக உண்டாக்கும் கறைகள் மட்டும் அதில் பதியும், அவற்றை உண்மைப் படத்திலிருந்து கேமரா கழித்துவிடும்.

ஒற்றைப் படத்துக்கு நல்ல வசதி. வரிசையாக எடுக்கும்போது நேரத் திருட்டு. 60 நொடிப் படத்துக்குப் பின் கேமரா இன்னொரு 60 நொடி கதவைச் சாத்திக்கொள்ளும். கேனானில் ‘பிஸி’ என்றும், நிக்கானில் ‘ஜாப் என்ஆர்’ என்றும் திரை மின்னும். அந்த நேரம் ரிமோட் அழுத்துவதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. இதை அணைத்துவிட்டு, டார்க் ஃபிரேம்களை வேலை முடிந்தபின் மொத்தமாக எடுத்துக்கொள்வதே முறை.

மிரர் லாக்கப்பும் இதே பாதிச் சிக்கலைத் தரும். அதில் முதல் அழுத்தத்துக்குக் கண்ணாடி மட்டும் உயரும், இரண்டாவது அழுத்தத்துக்குத்தான் படம். அதிர்வைக் குறைக்க நினைத்து இதை வைப்பார்கள். 60 நொடிப் படத்தில் கண்ணாடியின் அதிர்வு முதல் நொடியோடு அடங்கிவிடும். அந்த ஒரு நொடியின் மங்கிய வெளிச்சம் படத்தில் தெரியப்போவதில்லை. அணைத்து விடலாம்.

மெமரி கார்டில் எழுத நேரம் வேண்டாமா என்றும் கேட்பார்கள். 24 மெகாபிக்ஸல் கேமராவின் ரா கோப்பு (சென்சார் தரும் தகவலைப் பதப்படுத்தாமல் அப்படியே சேமிப்பது) சுமார் 25 முதல் 30 எம்பி. அடுத்த படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் எழுதி முடித்துவிடும். நொடிக்குப் பல படங்கள் சுடும்போதுதான் கார்டு திணறும், நிமிடத்துக்கு ஒன்று என்பது அதற்கு விளையாட்டு.

அப்படியானால் குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு? ஷட்டர் மூட, சென்சாரிலிருந்து தகவலை எடுக்க, கண்ணாடி இறங்க, ஷட்டர் மறுபடி தயாராக. இவ்வளவும் நடக்கப் பொதுவாக ஒரு நொடிக்கும் குறைவு. ரிமோட்டுகள் முழு நொடிகளாகத்தான் எண்ணும். 1 பல கேமராக்களில் போதும், 2 நிம்மதி, பழைய கேமரா பாடியென்றால் 3 வைத்துப் பாருங்கள்.

## நட்சத்திரக் கோடுகள்: இடைவெளி கண்ணுக்குத் தெரியும் இடம்

வானத்தின் நகர்வுக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லாமல், டிரைபாடில் கேமராவை நிறுத்தி எடுத்த படங்களைச் சேர்த்தால் நட்சத்திரங்கள் கோடுகளாகும். பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் வானம் நொடிக்கு ஏறக்குறைய 15 ஆர்க் செகண்ட் நகர்வது போலத் தெரிகிறது. ஆர்க் செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு. துருவ நட்சத்திரத்தின் அருகே நகர்வு குறைவு. வான நடுக்கோட்டில், அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கற்பனைக் கோட்டில், முழு வேகம். ஓரியனின் இடைவார் நட்சத்திரங்கள் மூன்றும் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கின்றன.

படத்தில் இடைவெளி தெரியுமா என்பது, அந்த நகர்வு எத்தனை பிக்ஸல் ஆகிறது என்பதைப் பொறுத்தது. கணக்கு எளிது. பிக்ஸல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, லென்ஸின் குவிய நீளத்தால் வகுத்தால் ஒரு பிக்ஸலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று வரும். பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள 24 மெகாபிக்ஸல் சென்சாரில் ஒரு பிக்ஸல் சுமார் 3.9 மைக்ரான்.

18 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்ஸலுக்கு 45 ஆர்க் செகண்ட் வருகிறது. 1 நொடி இடைவெளி என்றால் மூன்றில் ஒரு பிக்ஸல்தான். நட்சத்திரத்தின் பிம்பமே இரண்டு மூன்று பிக்ஸல் அகலம் என்பதால் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் தெரியாது. 50 மி.மீ. லென்ஸில் 1 நொடிக்கு ஏறக்குறைய ஒரு பிக்ஸல், அதுவும் பரவாயில்லை. 200 மி.மீ. லென்ஸில் கிட்டத்தட்ட 4 பிக்ஸல். அங்கே கோட்டில் இடைவெளி தெரியத்தான் செய்யும். மாறாக, அதே 18 மி.மீ. லென்ஸில் 30 நொடி விட்டுவிட்டால் 10 பிக்ஸல் ஓட்டை.

தமிழ்நாட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. துருவ நட்சத்திரம் கன்னியாகுமரியில் அடிவானத்திலிருந்து 8 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், சென்னையில் 13. இமயமலைப் பக்கத்துப் படங்களில் பார்க்கும் முழு வட்டங்கள் இங்கே பாதி தரைக்குள் போய்விடும். பதிலாகக் கிழக்கு நோக்கி வைத்தால் நட்சத்திரங்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழும். அந்தத் திசையில் வான நடுக்கோடு இருப்பதால் முழு வேகத்தில் நகர்கின்றன, எனவே இடைவெளிக்கான தண்டனையும் முழு அளவில்.

இதற்கு ரிமோட்டின் இன்டர்வலையே மறந்துவிடுவது மேல் என்பேன். ஷட்டர் 30 நொடி, டிரைவ் மோட் ‘கன்டினியூவஸ்’, ரிமோட் பட்டனை அழுத்திப் பூட்டிவிடுங்கள். ஒரு படம் முடிந்ததும் கேமரா தன்னால் இயன்ற வேகத்தில் அடுத்ததைத் தொடங்கும். எண்ணும் வேண்டாம், 30ஆ 32ஆ என்ற கவலையும் வேண்டாம். பத்து ரூபாய் பெறாத பூட்டுப் பட்டன் செய்யும் இந்த வேலையை விலையுயர்ந்த ரிமோட்டுகளும் இதைவிட நன்றாகச் செய்வதில்லை. சில நிக்கான் பாடிகளில் மட்டும் 100 படத்தோடு வரிசை நின்றுவிடும், பட்டனை விடுவித்து மறுபடி பூட்ட வேண்டும்.

எரிகற்களுக்கும் இதே வழிதான். டிசம்பர் 13, 14 வாக்கில் ஜெமினிட் மழை உச்சத்துக்கு வரும். ஓர் எரிகல் கண்ணில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு. 20 நொடி எடுத்து 10 நொடி சும்மா இருந்தால், மூன்றில் ஒன்று உங்கள் கேமரா கண்மூடியிருக்கும்போது விழும். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரியது அந்தப் பத்து நொடியில்தான் விழும் என்பது எடுப்பவர்கள் எல்லோரும் நம்பும் விதி.

## ஓரியனும் இரண்டு மணி நேரமும்

இப்போது டிராக்கரோடு எடுப்பவர்கள் பக்கம் வருவோம். டிராக்கர் என்பது பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் மோட்டார். நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும், எனவே இடைவெளி படத்தில் தெரியாது. அதனாலேயே அதன் விலையை யாரும் கவனிப்பதில்லை.

ஓரியன் நெபுலா நல்ல உயரத்தில் இருக்கும் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது 7200 நொடி. 60 நொடிப் படங்கள், 2 நொடி இடைவெளி என்றால் 116 படங்கள், 116 நிமிட வெளிச்சம். 30 நொடி இடைவெளி என்றால் 80 படங்கள், 80 நிமிட வெளிச்சம். நாய்ஸ் வர்க்கமூலத்தில் போவதால், இரண்டாவது படத்தின் தரம் முதலாவதில் 83 விழுக்காடுதான். 60 நொடி ஓய்வு கொடுத்தால் 60 படங்கள். தரம் 72 விழுக்காடாக இறங்கும்.

மேகமில்லாத, நிலவில்லாத, லீவு கிடைத்த ஓர் இரவு எத்தனை அபூர்வம் என்று எடுப்பவர்களுக்குத் தெரியும். அதில் பாதியைக் கேமராவின் ஓய்வுக்கு எழுதிக் கொடுப்பதென்றால் அதற்குத் தகுந்த பலன் வர வேண்டும். வருகிறதா?

## சென்சாருக்கு ஓய்வு தேவையா?

இந்த நம்பிக்கையின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது, அதனால் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வெளிச்சமே இல்லாவிட்டாலும் சென்சாரில் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் சேரும். இதற்கு டார்க் கரன்ட் என்று பெயர். வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி கூடினால் டார்க் கரன்ட் இரண்டு மடங்காகும். இரவு முழுக்க 27, 28 டிகிரி இருக்கும் நம் ஊர்க் கோடையில் இது உண்மையான தொல்லைதான்.

டார்க் கரன்டின் சராசரி அளவை டார்க் ஃபிரேம் கழித்துவிடும். அதன் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது, நாய்ஸாகத் தங்கிவிடும். அது வர்க்கமூலத்தில் போகும்.

ஓய்வு கொடுப்பவர்களுக்கு முழுச் சலுகை தந்து கணக்குப் போடுவோம். ஒவ்வொரு 60 நொடிக்கும் 60 நொடி ஓய்வு. அதனால் சென்சார் 6 டிகிரி குளிர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டார்க் கரன்ட் பாதியாகிவிட்டது. ஆனால் படங்களும் பாதிதான். வெளிச்சம் பாதி. பாதிப் படங்களில் பாதி டார்க் கரன்ட் என்றால் மொத்தம் கால் பங்கு, அதன் நாய்ஸ் வர்க்கமூலத்தில் பாதி. வெளிச்சமும் பாதி, நாய்ஸும் பாதி. லாபமுமில்லை, நஷ்டமுமில்லை, போட்ட இடத்திலேயே நிற்கிறோம்.

இது அவர்களுக்கு மிகச் சாதகமான நிலைமை. நாய்ஸ் முழுவதும் வெப்பத்தால் மட்டுமே வருகிறது என்று எடுத்துக்கொண்டோம். நடைமுறையில் ஊர் வெளிச்சத்தால் வெளுத்த வானமே பெரும் நாய்ஸைத் தருகிறது. சென்சார் குளிர்வதால் அது இம்மியும் குறையாது. ஒரு நிமிடத்தில் 6 டிகிரி இறங்கும் என்பதும் தாராளமான அனுமானம். கேமரா ஆனில் இருக்கும்வரை உள்ளே மின்சுற்றுகள் சூட்டைத் தந்துகொண்டே இருக்கும், மூடிய பாடிக்குள்ளிருந்து அது மெல்லத்தான் வெளியேறும். நகர வானத்திலிருந்து எடுப்பவருக்கு நீண்ட ஓய்வு என்பது வெறும் இழப்பு. மிக இருண்ட இடத்தில், வெப்பமான இரவில், நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவருக்கு அதிகபட்சம் சமன்.

சூட்டைக் குறைக்கச் செலவில்லாத வழிகள் இருக்கின்றன. காட்சியைத் திரையில் நேரலையாகக் காட்டும் லைவ் வியூவை அணையுங்கள். அது இயங்கும்போது சென்சார் இடைவிடாமல் வேலை செய்கிறது, டிஎஸ்எல்ஆரின் பெரிய சௌகரியமே சும்மா இருக்கும்போது சென்சாரும் சும்மா இருப்பதுதான். படம் எடுத்ததும் திரையில் காட்டும் ரிவ்யூவை நிறுத்துங்கள், பேட்டரியும் மிச்சம். திரை மடக்கித் திறப்பதாக இருந்தால் பாடியிலிருந்து விலக்கி வைக்கலாம்.

சுருக்கமாக: டிராக்கரோ டிரைபாடோ, இடைவெளியின் தொடக்கப் புள்ளி கேமரா தாங்கும் குறைந்தபட்ச நேரம். அதற்குமேல் சேர்க்கும் ஒவ்வொரு நொடிக்கும் காரணம் இருக்க வேண்டும். சூடு அந்தக் காரணங்களில் வலுவானதல்ல.

## இடைவெளியைக் கூட்ட வேண்டிய நேரங்கள்

டித்தரிங் வலுவான காரணம். படங்களுக்கு நடுவே கேமராவின் நோக்கைச் சில பிக்ஸல்கள் வேண்டுமென்றே தள்ளி வைப்பதற்கு அந்தப் பெயர். சென்சாரின் கோளாறுள்ள பிக்ஸல் எப்போதும் அதே இடத்தில் இருக்கும், நட்சத்திரங்கள் படத்துக்குப் படம் வேறு பிக்ஸலில் விழும். நட்சத்திரங்களை ஒன்றுசேர்த்து அடுக்கும்போது கோளாறுகள் சிதறிக் கரைந்துவிடும். இதைச் செய்யாவிட்டால், டிராக்கரின் சிறு பிசகால் அந்தக் கறைகள் ஒரே திசையில் இழுபட்டு, படம் முழுக்கச் சாய்வாக மழை பெய்தது போன்ற கோடுகள் வரும். டிஎஸ்எல்ஆர் படங்களில் நான் டார்க் ஃபிரேமை விட முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

நகர்த்தியபின் கேமராவைத் தாங்கும் மவுன்ட் ஆட்டம் அடங்கி நிலைகொள்ள 10, 15 நொடி வேண்டும். லேப்டாப் வழியாக வேலை செய்பவர்களுக்கு மென்பொருளே காத்திருந்து அடுத்த படத்தைத் தொடங்கும். ஒவ்வொரு படத்துக்கும் செய்தால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போகும். நாலு படத்துக்கு ஒரு முறை செய்து மற்றவற்றுக்கு 2 நொடி வைத்தால் இழப்பு 8 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். வெறும் ரிமோட் மட்டும் வைத்திருப்பவர்கள் 10 அல்லது 15 படம் ஓடியதும் நிறுத்தி, டிராக்கரைப் பட்டனால் ஒரு தட்டு நகர்த்திவிட்டு மறுபடி தொடங்கலாம். இதற்காக எல்லாப் படத்துக்கும் நீண்ட இன்டர்வல் வைப்பது வீண்.

படங்களை வரிசையாக ஓட்டி வீடியோவாக்கும் டைம்லாப்ஸில் இடைவெளி ரசனைக்கு உட்பட்டது. 20 நொடி எக்ஸ்போஷரைப் புறப்பாட்டுக் கணக்கில் 23 நொடிக்கு ஒன்றாக எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 156 படங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்று ஓட்டினால் 6 நொடி வீடியோ. பால்வீதி நிதானமாக எழ வேண்டுமானால் இன்டர்வலைக் குறைக்க வேண்டும், வேகமாக ஓட வேண்டுமானால் கூட்டலாம். மேகங்கள் இருந்தால் கூட்டாதீர்கள், துள்ளித் துள்ளிப் போகும்.

## களத்தில் வைக்கும் எண்கள்

டிராக்கரில் 60 நொடி பல்ப் என்றால் நிறுத்தக் கணக்கில் 2, புறப்பாட்டுக் கணக்கில் 62. கேமராவிலேயே 30 நொடி வைத்து இன்டர்வல் ரிமோட்டால் அழுத்துவதாக இருந்தால் அழுத்தத்திலிருந்து அழுத்தத்துக்கு 34. ஆட்டோஃபோகஸ் அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் இருட்டில் ஃபோகஸ் தேடித் தேடிக் கேமரா ஷட்டரைத் திறக்கவே திறக்காது, இன்டர்வல் மேல் பழி விழும்.

டார்க் ஃபிரேம்களை எடுக்கும்போதும் அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ, அதே இன்டர்வல். கடைசி ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தின் தாளம் மாறினால் சென்சாரின் வெப்பநிலை மாறும், கழிக்க வேண்டிய கறையும் மாறிவிடும். படங்கள் முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, ரிமோட்டைத் தொடாமல் அப்படியே இன்னும் 20 படம் ஓட விடுங்கள், அதற்குள் டிரைபாடைத் தவிர மற்றதையெல்லாம் மூட்டை கட்டிவிடலாம்.

மறுநாள் கணினியில் ஏற்றியதும், அடுக்குவதற்கு முன், கோப்புகளில் பதிந்திருக்கும் எடுத்த நேரத்தை வரிசையாகப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையே 62 நொடி வித்தியாசம் என்றால் எல்லாம் சரி. 120க்கு மேல் காட்டினால் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஓடியிருக்கிறது, அல்லது ரிமோட் நிறுத்தக் கணக்கு ரகம். பெரும்பாலும் 62, இடையிடையே மட்டும் 124 என்றால் கேமரா சில அழுத்தங்களைத் தவறவிடுகிறது, இன்டர்வலில் இன்னொரு நொடி சேர்த்துக்கொள்ளுங்கள்.